படையலில் வைத்த சுக்குக் கோப்பி

ஐயா,

இதை நின்றுகொண்டு படிக்காதே. கோமதியையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு முதலிலிருந்து கடைசி வரை படி. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் பேசினால் நான் சத்தம் போடுவேன், நீ "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். எழுத்தில் என்றால் நீ குறுக்கே பேச முடியாது. மூன்றாம் வகுப்போடு என்னை நிறுத்தி ரப்பர் மரத்தில் பால் வெட்ட அனுப்பினார்கள். மீதி எழுத்தையெல்லாம் நானாகவே பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். விடிகாலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் ஆபீஸ் கிராணி ஒட்டிவைத்த அறிவிப்பில் பிழை இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டியவள் நான். அதனால் இதில் பிழை தேடி நேரத்தை வீணாக்காதே. சொல்ல வந்த விஷயத்தை மட்டும் பார்.

போன வாரம் புதன்கிழமை கோமதி போன் பண்ணினாள். "மாமி, அடுத்த வாரம் ஞாயித்துக்கெழம மாமாவுக்கு வருசத் திதி. காலையிலேயே கார் அனுப்புறோம், வந்திருங்க. ஆனா படையல் நாங்களே போட்டுக்கிறோம் மாமி. நீங்க ஹால்ல சும்மா உக்காந்திருந்தாப் போதும்" என்றாள். நாற்பத்தெட்டு வருடம் அந்த மனிதருக்குச் சோறு போட்டவள் நான். அவருடைய படையலைத் தொடாமல், விருந்தாளி மாதிரி உன் சோபாவில் உட்கார்ந்திருக்க வேண்டுமாம். "இத யாரு சொன்னா?" என்று கேட்டேன். பின்னால் உன் வீட்டு டிவி ஓடிக்கொண்டிருந்தது. "நாந்தான் சொல்றேன் மாமி" என்றாள். நான் போனை வைத்துவிட்டேன். இரண்டு நாள் முழுவதும் அவளை மனசுக்குள் திட்டினேன். அதை மறைக்கப்போவதில்லை.

எதற்காக இந்த ஏற்பாடு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பதினாறாம் நாள் கருமாதியில் நான் செய்ததுதான் காரணம். உன் அப்பாவுக்குப் பிடித்தது என்று நீ ஒவ்வொன்றாகத் தேடி வாங்கி இலையில் வைத்தாய். நெத்திலி சம்பல், அவித்த மரவள்ளிக்கிழங்கு, ஒரு கட்டு பீடி. கடைசியில் ஒரு பெரிய குவளையில் சுக்குக் கோப்பி கொண்டுவந்து படத்துக்கு நேரே வைத்தாய். "அப்பாவுக்கு இது இல்லாம எதுவுமே ஆகாது" என்று சொல்லும்போதே உனக்கு அழுகை வந்துவிட்டது. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் அழுதார்கள். நான் எழுந்துபோய், அந்தக் குவளையை எடுத்து, பின்கட்டுக்குக் கொண்டுபோய்ச் சாக்கடையில் ஊற்றிவிட்டு வந்தேன். நீதான் கேட்டாய். "செத்துப்போன மனுசனுக்கு ஒரு வாய் கோப்பி குடுக்கக்கூட ஒனக்கு மனசு வரலையாம்மா?" அதற்கு நான் பதில் சொல்லவில்லை. ஒரு வருடமாகச் சொல்லவில்லை. சொந்தக்காரர்கள் எல்லாரும் அந்தக் கதையைப் பெடாஸிலிருந்து ரெம்பாவ் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள். போன வாரம் பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது, முன்பின் தெரியாத ஒருத்தி என்னைக் காட்டி, "அந்தக் கோப்பி ஊத்துன பொம்பள இதுதான்" என்று பக்கத்தில் இருப்பவளிடம் சொல்கிறாள். காதில் விழட்டும் என்றே சொல்கிறாள்.

உன் அப்பா எப்படிப்பட்டவர் என்று நீ எனக்குச் சொல்லவேண்டாம். சாவு வீட்டுக்கு வந்தவர்களை நானும் எண்ணிப் பார்க்க முயன்று விட்டுவிட்டேன். நம் தாமான் குடியிருப்பு முனையிலிருந்து மெயின் ரோடு வரைக்கும் இரண்டு பக்கமும் மோட்டார் சைக்கிள்கள் நின்றன. தோட்டத்தை விட்டு முப்பது வருடத்துக்கு முன்னால் போனவர்கள்கூட வந்தார்கள். மளிகைக்கடைச் சீனன் தன் கடையை அடைத்துவிட்டு வந்து வாசலில் நின்றான். மலாய்க் கம்பத்திலிருந்து வந்த பாக் சிக் பெரியவர் ஒருவர், "பாயிக் ஓராங்", நல்ல மனுசர் என்று சொல்லித் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கிய மண்டோர் அவர்; ஆனாலும் எல்லார் வாயிலும் ஒரே பேச்சு. மண்டோர் அண்ணன் யாருக்கும் இல்லை என்று சொன்னதே கிடையாது. நீயும் அன்று அதைத்தான் எழுந்து நின்று சொன்னாய். வர்ற ஞாயிற்றுக்கிழமையும் சொல்லப்போகிறாய். சொல். அது உண்மைதான். அவர் யாருக்கும் இல்லை என்று சொன்னதில்லை. ஆனால் அந்த வீட்டில் இல்லை என்ற சொல் இல்லாமலா இருந்தது? அத்தனையையும் சொன்னது நான். நல்லவர் என்ற பேர் அவருக்கும், பிடாரி என்ற பேர் எனக்கும் எப்படி வந்தது என்று இன்றைக்குச் சொல்கிறேன்.

கல்யாணமான முதல் வருடம், தோட்டத்து லயத்து வரிசையில் எங்கள் வீட்டில் எந்தச் சாமானும் தங்காது. யார் வந்து எதைக் கேட்டாலும் எடுத்துக் கொடுத்துவிடுவார். சைக்கிளைக் கொடுத்துவிட்டு, மண்டோரே பெரட்டுக்குப் பிந்தி ஓடி, தொரையிடம் திட்டு வாங்கிய நாளும் உண்டு. "முடியாதுன்னு சொல்லப் பழகுங்க" என்றேன். "நெஞ்சுக்குள்ள இருக்கு புள்ள, வாய்க்கு வரமாட்டேங்குது. நீ சொல்லேன். நீ நல்லாச் சொல்லுவ" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்துக்கொண்டேதான் ஒத்துக்கொண்டேன். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. அது ஒரு விளையாட்டாகத் தெரிந்தது. யாராவது வந்து ஏதாவது கேட்டால், அவர் கூடத்திலிருந்து அடுப்படிக்குக் குரல் கொடுப்பார். "புள்ள, கோப்பி கலக்கு" என்றால் அவருக்குச் சம்மதம். நான் வந்த ஆளுக்கும் சேர்த்துக் கலக்கிக் கொண்டுபோவேன். "புள்ள, எனக்குச் சுக்குக் கோப்பி போடு" என்றால், அவருக்கு இஷ்டமில்லை, நான் வெளியே வந்து முடியாது என்று சொல்லவேண்டும். இதுதான் எங்கள் ஏற்பாடு. உனக்கோ உன் தங்கச்சிக்கோ தெரியாது. இந்த உலகத்தில் எங்கள் இரண்டு பேரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

சுக்கு என்றால் உன் அப்பாவுக்கு ஆகவே ஆகாது, ஐயா. வாசம் பட்டாலே முகத்தைச் சுளிப்பார். அதனால்தான் அந்தப் பேரைத் தேர்ந்தெடுத்தார். தவறிக்கூட வாயில் வராதாம். ஆனால் கேட்டுவிட்டால் கொண்டுபோய் வைக்கத்தானே வேண்டும்? வந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது குடிக்கத்தானே வேண்டும்? ஒருமுறை கோயில் திருவிழாவுக்கு அவரைத் தலைவராகப் போடுவதற்கு நாலைந்து பேர் வந்தார்கள். "நீங்கதான் நிக்கணும் மண்டோரே, ஒங்கள விட்டா ஆளே இல்லலா" என்றார்கள். "எனக்கென்னா, நிக்கிறேன். நீங்கள்லாம் இருக்கீங்கள்ல" என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில் "புள்ள, சுக்குக் கோப்பி போடு" என்றார். நான் ஈரக் கையோடு வெளியே வந்து, "இவரு கோயில்ல நின்னா வீட்டுல யாரு நிக்கிறது? வேற ஆளப் பாருங்க" என்றேன். அவர்கள் வெளியேறும்போது ஒருவன், "பாவம்டா மண்டோரு. வெளியில பசு மாதிரி இருக்காரு, வீட்டுல புலிகூடக் குடும்பம் நடத்துறாரு" என்றான். உன் அப்பாவுக்கும் கேட்டது. அவர் குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஆஹா, என்னா மணம்" என்று குடித்தார். நான் அதில் சுக்கை இரண்டு மடங்கு தட்டிப் போட்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் போடுவேன். என் கோபத்தைக் காட்ட எனக்கு அந்த ஒரு வழிதான் இருந்தது. அவரும் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்துவிடுவார். அதைப் பார்த்துத்தான் நீங்கள் எல்லாரும் அவருக்குச் சுக்குக் கோப்பி என்றால் உயிர் என்று நினைத்துக்கொண்டீர்கள்.

இதெல்லாம் சிரிக்கிற கதை. இனி சொல்லப்போவது அப்படி இல்லை. உன் பெரியத்தை நம் வீட்டுக்குப் பையோடு வந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். உனக்கு அப்போது பதினைந்து வயது. தோட்டத்தை விற்றுவிட்டார்கள்; லயத்தைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள்; அவள் புருஷனும் போய்ச் சேர்ந்திருந்தார். நாம் இந்தத் தாமான் வீட்டுக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். கூடத்தில் பையை வைத்துவிட்டு, "தம்பி, நான் இனி ஒங்கூடத்தான் இருக்கப் போறேன்" என்றாள். தாய் இல்லாத பிள்ளையாக உன் அப்பாவை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். அதனால் நான் அரிசிப் பானையைத் திறந்து இன்னொரு ஆளுக்கு உலை வைக்கத் தயாராகிவிட்டேன். அப்போதுதான் கூடத்திலிருந்து குரல் வந்தது. "புள்ள, எனக்குச் சுக்குக் கோப்பி போடு."

வாய் தவறி வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். நிலைப்படிக்கு வந்து, "என்னா போடணும்?" என்று திருப்பிக் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "சுக்குக் கோப்பிதான் புள்ள. தொண்ட கட்டுது" என்றார். நீ ஜன்னல் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாய். நான் உன் அத்தையைப் பார்த்துச் சொன்னேன். "அண்ணி, ரெண்டு ரூம்பு வீடு. பொம்பளப் புள்ள வளர்ந்து நிக்குது. இங்க எடம் பத்தாது." அவள் என்னைப் பார்க்கவே இல்லை, தம்பியைத்தான் பார்த்தாள். "நீ என்னா தம்பி சொல்ற?" "நான் என்னாக்கா சொல்றது? வீட்ட நடத்துறவ அவ" என்றார். அத்தை பையை எடுத்துக்கொண்டாள். "என் தம்பிய முந்தானையில முடிஞ்சு வச்சிட்டடீ. ஒன் வீட்டுல இனி பச்சத்தண்ணி குடிக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். சொன்னபடியே ரெம்பாவ் வாடகை அறையில் சாகும் வரைக்கும் குடிக்கவில்லை. நீ அன்றிலிருந்து என்னிடம் தட்டை நீட்டிச் சோறு கேட்பதை நிறுத்திவிட்டாய். நீயே போட்டுக்கொள்ள ஆரம்பித்தாய். நான் கவனிக்கவில்லை என்று நினைத்தாயா?

அன்று சாயங்காலம் அவரைப் பிடித்துக் கேட்டேன். "ஒங்க அக்காங்க. என் அக்கா இல்ல." தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். "அக்கா என்னைய இன்னும் அஞ்சு வயசுப் பையனாத்தான் வச்சிருக்கு புள்ள. இந்த வீட்டுலயாச்சும் நான் ஒரு ஆம்பளையா இருந்துட்டுப் போறேன்." அதில் நியாயம் இருக்கிறதா இல்லையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. ஆனால் அதை அவரே தன் வாயால் அவளிடம் சொல்லியிருந்தால், அக்காளும் தம்பியும் அழுதுவிட்டு ஒரு முடிவுக்கு வந்திருப்பார்கள். சொல்லாததால் மூன்று பேரும் கெட்டோம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தூக்குச் சட்டியில் குழம்பு எடுத்துக்கொண்டு மோட்டாரில் ரெம்பாவுக்குப் போவார். ஆக்கிக் கொடுத்தது நான். "கடையில வாங்கினேன்கா" என்று சொல்லிக் கொடுப்பார். இல்லாவிட்டால் அவள் சாப்பிடமாட்டாளே. "கடைக்காரன் கை மணமே தனி" என்று அத்தை சொன்னதாக ஒருநாள் வந்து சொன்னார். இருவரும் சிரித்தோம். பிறகு நான் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டுகிறேன் என்று நினைக்காதே. ஒன்று மட்டும் முழுக்க என்னுடையது. அது உன் சிங்கப்பூர் வேலை. உனக்கு இருபத்தொரு வயது. பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்பா முன்னால் நின்றாய். அவர் உன்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "புள்ள, கோப்பி கலக்கு" என்றார். எனக்குக் கேட்டது. நான் அசையாததால், "கோப்பி புள்ள, கோப்பி" என்று இன்னொரு தடவையும் சொன்னார். அதுவும் கேட்டது. நான் வெளியே வந்து, போகக் கூடாது என்றேன். நீ போனால் திரும்பமாட்டாய் என்று பயம். அத்தை விஷயத்துக்குப் பிறகு நீ என்னை விட்டுப் போவதற்கு ஒரு வழி தேடிக்கொண்டிருக்கிறாய் என்று எனக்குள் ஒரு எண்ணம். உன் அப்பா உன்னை மோட்டாரில் ஏற்றிக்கொண்டு பெடாஸுக்குப் போய் மீ கோரேங் வாங்கிச் சாப்பிடக் கொடுத்தார். திரும்பி வந்து, "நான் கோப்பின்னுதானே சொன்னேன்?" என்று கேட்டார். "கேட்டுச்சு" என்றேன். அதோடு சரி. அவர் எனக்காக ஒருமுறை, நான்தான் வேண்டாமென்றேன் என்று உன்னிடம் சொல்லிப் பழியைத் தாங்கியிருக்கலாம், தாங்கவில்லை, தாங்கவேண்டிய அவசியமும் இல்லை. அது நான் செய்த தப்பு. நீ சிரம்பானில் தொழிற்சாலையில் நல்ல நிலைக்கு வந்துவிட்டாய் என்பதால் அது சரியாகிவிடாது. அதற்காக என்னைத் திட்டு, கேட்டுக்கொள்கிறேன். ஆனால் அத்தைக்காகத் திட்டாதே.

இப்போது அந்தக் குவளைக்கு வருகிறேன். சிரம்பான் ஆஸ்பத்திரியில் அவர் கடைசியாகப் படுத்திருந்தபோது, ஒரு சாயங்காலம் நீங்கள் எல்லாரும் பார்த்துவிட்டுக் கிளம்பினீர்கள். நான் மட்டும் இருந்தேன். "என்னாங்க, நாளைக்குப் புள்ளைங்க வரும்போது அக்கா விசயத்த ஒங்க வாயால சொல்லிருங்க. எனக்கு வேற எதுவும் வேணாம்" என்றேன். வாழ்நாளில் அவரிடம் நான் எனக்காக என்று கேட்டது அது ஒன்றுதான். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, பழைய சிரிப்போடு, "புள்ள, நாளைக்கு வரும்போது எனக்குக் கொஞ்சம் சுக்குக் கோப்பி போட்டுக் கொண்டா" என்றார்.

புரிகிறதா, ஐயா? ஊருக்கே இல்லை என்று சொல்லாத மனிதர், என்னிடமும் அதைச் சொல்லாகச் சொல்லவில்லை. நான் கையை உதறிக்கொண்டு எழுந்து பஸ் ஏறி வந்துவிட்டேன். வழியெல்லாம் கோபம். காலையில் எழுந்ததும் கோபம் இல்லை, பிடிவாதம்தான் இருந்தது. சுக்குக் கோப்பி போடவில்லை. ஆள் இல்லாத நேரத்தில் அவர் விரும்பிக் குடிக்கிற மாதிரி, டின் பால் இரண்டு கரண்டி தாராளமாக விட்டு, கெட்டியாகக் கோப்பி கலக்கிப் பிளாஸ்க்கில் ஊற்றி எடுத்துக்கொண்டு போனேன். இதைக் குடித்துவிட்டுச் சரி என்று சொல்லட்டும் என்று. நான் போனபோது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தார்கள். பிளாஸ்க் சூடாகவே வீட்டுக்குத் திரும்பி வந்தது. பதினாறாம் நாள் நீ அந்தச் சுக்குக் குவளையைப் படத்துக்கு முன்னால் வைத்தபோது, செத்த பிறகும் அவர் எனக்கு முடியாது என்று சொல்கிற மாதிரி இருந்தது. எடுத்து ஊற்றினேன். இன்னொரு தடவை வைத்தாலும் ஊற்றுவேன்.

இதைச் சொல்லக்கூடாது என்பதுதான் அவர் விருப்பம். மீறிச் சொல்லிவிட்டேன். ஒரு வருடம் அவர் பேச்சுக்குக் கட்டுப்பட்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன், இனி இருக்கமாட்டேன். நீ அவரை நேசிப்பதைக் குறைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. நானே குறைத்துக்கொள்ளவில்லை. இன்றைக்கும் வாசலில் மோட்டார் சத்தம் கேட்டால் அடுப்பைப் பற்றவைக்கக் கை போகிறது. ஆனால் ஒன்றை மட்டும் அவரிடமிருந்து நீ எடுத்துக்கொள்ளாதே.

கோமதி போன் பண்ணினாள் என்று எழுதினேன் அல்லவா? இரண்டு நாள் அவளைத் திட்டித் தீர்த்த பிறகுதான் ஒன்று ஞாபகம் வந்தது. "யாரு சொன்னா?" என்று நான் கேட்டதும், பின்னால் ஓடிய டிவியின் சத்தம் குறைந்தது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். அந்தச் செருமல் எனக்குத் தெரியாதா? அதற்குப் பிறகுதான் அவள் "நாந்தான் சொல்றேன் மாமி" என்றாள். அந்தக் குரலும் எனக்குத் தெரிந்த குரல்தான். நிலைப்படியில் அத்தை முன்னால் வந்து நின்றேனே, அந்தக் குரல். உங்கள் வீட்டில் அதற்கு என்ன பேர் வைத்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. கோமதி, நீ இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், அன்று போனை அப்படி வைத்தது என் தப்பு, அம்மா. ஆனால் நீயும் இனி இவன் சொல்ல வேண்டியதை வாங்கிச் சொல்லாதே. ஆரம்பத்தில் சிரிப்பாகத்தான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன். ஹாலில் உட்காரமாட்டேன். படையலில் நீங்கள் என்ன வேண்டுமானாலும் வையுங்கள், நான் தொடவில்லை. ஒரே ஒரு குவளை மட்டும் என் கையால் வைப்பேன். டின் பால் விட்ட, சுக்கு இல்லாத கோப்பி. அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தது. அதற்கு நீ சம்மதிக்கிறாயா இல்லையா என்பதுதான் எனக்குத் தெரியவேண்டும். நீளமாக எதுவும் எழுதவேண்டாம். சனிக்கிழமைக்குள் போன் பண்ணு. "அம்மா, கோப்பி கலக்குங்க" என்று சொன்னால் நான் விடிந்ததும் கிளம்பி நிற்பேன். இஷ்டமில்லை என்றால் சுக்கு, மிளகு என்று எதையும் சொல்லாதே. "முடியாதும்மா" என்று சொல். எனக்கு வலிக்கும்; தாங்கிக்கொள்வேன். ஆனால் அதை நீயே சொல்லவேண்டும். உன் வாயால்.

அம்மா